மஞ்சள் ஒயரும் மச்சானும்

லிப்ட்காரர் வாழ்நாளில் சொன்ன பொய்கள் எல்லாமே நல்ல பொய்கள். அடிப்பிடித்த சமையலை "இதுல ஒரு தனி மணம் இருக்கு" என்று வழித்துச் சாப்பிடுவார். மனைவி எடை கூடிவிட்டதாகப் புலம்பினால் எடை மெஷினைத் திட்டுவார். மகள் பரீட்சையில் கோட்டை விட்டபோது, அந்த வருடம் கேள்வித்தாளே தப்பாம் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். யார் மனமும் நோகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கொள்கை. அதனால் வந்த வினை, ஒரே ஒரு முறை அவர் சத்தியமான உண்மையைச் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

"உன் தம்பி வந்திருந்தான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"வந்திருப்பான், வந்திருப்பான். வானத்துலருந்து பூ கூட கொட்டியிருக்குமே, அதையும் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி, தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளைத் தெருவே டெய்லரக்கா என்றுதான் கூப்பிடும். அவளுக்கு ஒரே தம்பி. அவனுக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. அவன் குட்டி. கதவில் குனிந்து நுழைகிற உயரமும், பெல்ட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கிற தொப்பையும் வந்த பிறகும் குட்டிதான். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனை வளர்த்தவள் அக்காதான். அவன் பெரியவனாகி ஓர் ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனதும் அக்காவையும் அங்கேயே மெஷினில் உட்கார வைத்தான். வருடக்கணக்காக அவன் வெட்டினான், அவள் தைத்தாள். போன வருடம், பள்ளிச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடந்த சமயத்தில், "நான் சொந்தமா கடை போடப் போறேன்" என்று அவள் எழுந்து வந்துவிட்டாள். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் குட்டி. அந்த ஆத்திரத்தில் கம்பெனி மொத்தமும் கேட்கிற மாதிரி, "அவ கடைப்படியை என் கால் மிதிக்காது, இது சத்தியம்" என்று கத்திவிட்டான்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டால் அதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுவார்கள். டெய்லரக்கா ஒரு சண்டையில் "இனிமே இந்த வீட்டு ரேடியோவைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டு கேட்கத் தோன்றும்போதெல்லாம் தையல் ஸ்கேலை நீட்டி அதன் நுனியால் பட்டனை அமுக்குகிறவள். லிப்ட்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். சிரிக்கிற தைரியம் கிடையாது.

கடைத் திறப்பன்று அவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, ரிப்பனை வெட்டாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் வெயிலில் நெளிந்தார்கள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஆனால் நாற்காலி எடுக்க அந்தப் பக்கம் போன லிப்ட்காரர் குட்டியைப் பார்த்தார். பக்கத்து சைக்கிள் கடையில் தொங்கிய டயர்களுக்கு நடுவே நின்றிருந்தான். இவரைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்துக் கெஞ்சினான். அக்கா தலை திரும்பும்போதெல்லாம் டயருக்குப் பின்னால் ஒதுங்கினான். இவரும் மச்சான் கேட்டுக்கொண்டானே என்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்க வேண்டி வந்துவிட்டது. கடல் தாண்டி ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையில் குட்டிக்கு வேலை கிடைத்திருந்தது. போனால் இரண்டு வருடம் வர முடியாது. இன்று இருட்டுவதற்குள் பஸ். வழியனுப்ப வரச்சொல்லிப் போன் செய்ததுகூட அவன் இல்லை, அவன் மனைவி.

"கடை திறக்க வராதவனை நான் எதுக்கு வழியனுப்பணும்?" என்றாள் டெய்லரக்கா. அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு வெங்காயம் என்றாள். வீட்டில் வெங்காயம் தீர்ந்துபோய் இரண்டு நாளாகிறது என்பது லிப்ட்காரருக்குத் தெரியும், வாங்கி வர மறந்தவரே அவர்தான்.

"அவன் வந்தான்மா. சைக்கிள் கடை கிட்ட நின்னான்."

"சரி. வந்திருந்தா வீடியோல இருப்பான்ல? காட்டுங்க. கண்ணால பார்த்துட்டா இந்த நிமிஷமே செருப்பை மாட்டுறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மனசு லேசாகிவிட்டது. வீடியோ பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. எடுத்தவர் தெருவில் இருக்கிற ஸ்டூடியோக்காரர். எதிர்ப்பக்கம் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, பட்டனை அமுக்கிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுகிறவர். அவர் எடுக்கிற படத்தில் அசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நாளில் அந்தத் தெருவில் நடந்தது எல்லாம் அப்படியே அதில் இருக்கும்.

எதில் போட்டுப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல். போனில் பார்க்கலாம் என்றால், "உள்ளங்கை அளவு படத்துல நீங்க ஒரு காக்காவைக் காட்டி, அதோ குட்டிம்பீங்க. எனக்குப் பெரிசா வேணும்" என்றாள். பக்கத்து வீட்டுக்குப் போகலாம் என்றால், "என் தம்பி வந்தானா வரலியான்னு ஊரைக் கூட்டிப் பார்க்கணுமா?" என்றாள். ஸ்டூடியோவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வீட்டில் மகள் விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருந்தது. அதன் திரை, லிப்ட்காரரின் பெரிய ஸ்பானர் அதன் மேல் விழுந்த நாளிலிருந்து கறுப்பாக இருந்தது. உள்ளே உயிர் இருக்கிறது, முகம்தான் இல்லை என்று மகள் சொல்லியிருந்தாள்.

முகத்துக்கு டிவி இருந்தது. டிவி என்றால் இந்தக் காலத்துத் தட்டை டிவி அல்ல, பின்னால் கூன் விழுந்த, சின்ன பீரோ எடையுள்ள பழைய டிவி. நான்கு பேர் அதை மாடிக்குத் தூக்கி வந்த பிறகு வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டில் இரும்புக் கதவு போட்டுவிட்டார். இனி அதை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் ஒன்று கதவை அறுக்க வேண்டும், இல்லை டிவியை. லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு தட்டை வாய். டிவியின் முதுகிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் டப்பா வைத்தால் கம்ப்யூட்டர் பேசுவதை டிவிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் என்று மகள் போனில் சொன்னாள்.

லிப்ட்காரர் கடைத்தெருவுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரே எலக்ட்ரானிக்ஸ் கடையில், ஒரு முனையில் தட்டை வாயும் மறுமுனையில் மூன்று நிறத் துளைகளும் இருந்த ஒரு வெள்ளை டப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டு வந்தார். மாட்டினார். டிவி நீலமாக இருந்தது. ஒயரைப் பிடுங்கி மாட்டினார். நீலம். டப்பாவைத் தட்டினார், ஊதினார், மனைவி பார்க்காதபோது கும்பிட்டும் பார்த்தார். நீலம் அசையவில்லை.

மறுபடி கடைக்கு ஓடினார். கடைக்காரர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"இது டிவி பக்கத்துலருந்து வர்றதை கம்ப்யூட்டர் பக்கம் மாத்துறது சார். உங்களுக்கு வேண்டியது இதுக்கு எதிர்த் திசை."

"ஒரே டப்பாதானே? இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கமும் வராதா?"

"வராது சார். ஒரு வழிதான்."

லிப்ட்காரர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லிப்ட் ஓட்டுகிற அவர் தொழிலில் மேலே போனது கீழே வந்தே ஆக வேண்டும். போன பக்கத்திலிருந்து திரும்பத் தெரியாத ஒரு மெஷினை ஒரு மனுஷன் எப்படி எதிர்பார்ப்பான்? அசடு வழிய மாற்றி வாங்கிக்கொண்டு, வெங்காயமும் வாங்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வீடு வந்து சேர்ந்தார். சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டிருந்தது. டெய்லரக்கா பொத்தான் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே வரிசையாக ஓட்டை போட்டு முடித்த பட்டியில், மறுபடி நடுநடுவே போட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டு, "அழுதுடேன்மா" என்று சொல்லலாம் போல அவருக்கு இருந்தது. சொன்னால் ஸ்கேலால் அடி விழும்.

புது டப்பாவுக்குத் தனியாகக் கரன்ட் வேண்டுமாம். போன் சார்ஜரைப் பிடுங்கிக் கொடுத்தார். போனில் மகள் சொல்லச் சொல்ல, இருண்ட திரைக்கு முன்னால் குருட்டாம்போக்கில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினார். டிவி ஒருமுறை கனைத்தது, படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் வந்தது.

"பார்த்தீங்களா, டிவிக்கே துக்கம்" என்றாள் டெய்லரக்கா.

"அப்பா, டப்பா விலாவுல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், பாருங்க. ஒவ்வொரு ஊர் டிவிக்கு ஒவ்வொரு கணக்கு. அதை அந்தப் பக்கம் தள்ளுங்க."

நகத்தால் தள்ளினார். சட்டென்று கலர் வந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் அவர் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

வீடியோ ஓடத் தொடங்கியது. அகலமான படத்தைச் சதுர டிவி இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்திருந்ததால் விழாவுக்கு வந்த எல்லாரும் நெட்டையாக, ஒல்லியாக இருந்தார்கள். லிப்ட்காரரின் தொப்பையைக் காணவே காணோம். டெய்லரக்கா தையலை விட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நான் அவ்வளவு ஒல்லியாவா இருக்கேன்?"

"நிஜத்துல இன்னும் ஒல்லிம்மா" என்றார் அவர், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் இன்றைக்கு இந்த வேலை ஆகாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருவரும் இமைக்காமல் பார்த்தார்கள். கடை வாசல், ஒரே ஒரு கல் படி, மேலே புது போர்டு. ஆட்கள் வந்தார்கள். அவள் கத்தரிக்கோலோடு நின்றாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி தெருவைப் பார்த்தாள். ரிப்பன் விழுந்தது. எல்லாரும் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், கலைந்தார்கள். ஸ்டூடியோக்காரரின் கை ஒன்று பெரிதாக வந்து கேமராவை மூடியது. குட்டி இல்லை. எங்கேயும் இல்லை.

"பார்த்தாச்சா?" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மெதுவாகக் கேட்டாள். "எனக்காகத்தான் சொல்றீங்கன்னு தெரியும்ங்க. ஆனா இந்த விஷயத்துல சொல்லியிருக்க வேண்டாம். நானும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

ஒருவேளை நாம்தான் கனவு கண்டோமோ என்றுகூட லிப்ட்காரர் நினைத்துவிட்டார். இத்தனை வருடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சொல்லி, எது நடந்தது, எது நாமே கட்டிவிட்டது என்று நமக்கே தெரியாமல் போய்விட்டதா? முகம் தொங்க, வீடியோவை மூடலாம் என்று மவுசை எடுத்தார். மூடுகிற பெருக்கல் குறி வலது மூலையில் இருக்க வேண்டும். மூலையில் அது இல்லை. அம்புக்குறியை வலப்பக்கம் நகர்த்தினார். அது போய்க்கொண்டே இருந்தது, டிவியின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. இடப்பக்கம் இழுத்தார். சாவகாசமாகத் திரும்பி வந்தது.

"இது எங்க போயிட்டு வருது?" என்றார்.

மகளுக்கு மறுபடி போன். "பழைய டிவி அப்படித்தான்ப்பா. படத்தோட ஓரத்தைக் கொஞ்சம் முழுங்கிடும். நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் டிவி சட்டத்துக்குப் பின்னாடி போயிடும்."

"அப்ப அது இல்லியா?"

"இருக்குப்பா. தெரியாது, அவ்வளவுதான்."

டெய்லரக்கா திரும்பிப் பார்த்தாள். "ஓரத்தை உள்ள மடிச்சுத் தைச்ச மாதிரியா?"

"அதேதாம்மா."

லிப்ட்காரர் எழுந்தே விட்டார். "ஏய், படத்துல சைக்கிள் கடையே தெரியலியே! நம்ம கடையை ஒட்டித்தானே இருக்கு? கடைச் சுவரோட படம் முடிஞ்சு போச்சே!"

மகள் வழி சொன்னாள். எஸ்கேப் பட்டனை அமுக்கினால் முழுத்திரையும் சுருங்கி, படம் சின்னதாக நடுவில் வந்து நிற்கும், ஓரம் எதுவும் விழுங்கப்படாது. அமுக்கினார். படம் சுருங்கியது. வலப்பக்கம் புதிதாக ஒரு துண்டு இடம் முளைத்தது. அதில் டயர்கள் தொங்கின. டயர்களுக்கு நடுவே ஒரு தொப்பை நின்றது.

டெய்லரக்கா டிவிக்கு மூக்கு முட்டுகிற மாதிரி போய் உட்கார்ந்தாள். படம் கலங்கலாக இருந்தது, முகம் தெரியவில்லை. அவளுக்கு முகம் வேண்டியதும் இல்லை. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இன்னொரு காலை ஆட்டிக்கொண்டு நிற்கிற அந்த நிற்பை உலகத்தில் வேறு யார் நின்று காட்டி அவளை ஏமாற்ற முடியும்?

குட்டி அங்கேயே நின்றான், எல்லா நேரமும். ரிப்பன் வெட்டும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிவிட்டு, யாராவது பார்த்திருப்பார்களோ என்று டயருக்குப் பின்னால் பதுங்கினான். எல்லாரும் உள்ளே போன பிறகு வெளியே வந்தான். ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். குட்டி அவரை நிறுத்தி, கடைப் பக்கம் கையை நீட்டிக் காட்டினான். பிறகு அந்தக் கையை மடக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். பால்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். கடையைக் காட்டினான், நெஞ்சில் கை வைத்தான். தபால்காரர், காய்கறி வண்டி தள்ளுகிறவர், முன்பின் தெரியாத யார் யாரோ. ஒருவரையும் அவன் சும்மா போகவிடவில்லை.

"ஏங்க" என்றாள் டெய்லரக்கா. குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "அவங்ககிட்ட என்ன சொல்றான்?"

இட்டுக்கட்ட வேண்டிய அவசியமே லிப்ட்காரருக்கு வரவில்லை.

"எங்க அக்கா கடைன்னு சொல்றான்மா."

அவள் அப்போதுதான் அழுதாள். வெங்காயம் என்று சொல்லாமல், வாய்விட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். லிப்ட்காரரும் சேர்ந்து அழுதார். போனில் மகள், "அம்மா, என்னாச்சு? அப்பா, மறுபடி ஏதாவது உடைச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு யாரும் நிதானமாக எதையும் செய்யவில்லை. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கத் தொங்க அவள் படி இறங்கினாள். குட்டி வீட்டு வாசலில் வாடகைக் கார் நின்றிருந்தது, பெட்டிகள் ஏறிவிட்டிருந்தன. அக்காவைப் பார்த்ததும் அந்தப் பெரிய ஆள் கையில் இருந்த கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"டயருக்குப் பின்னாடி ஒளிஞ்சா தொப்பை தெரியாதுன்னு நினைச்சியாடா?" என்றாள் அவள்.

அவன் மாமாவைப் பார்த்தான். "நான் சொல்லலப்பா, டிவி சொல்லிச்சு" என்றார் அவர். பாதி உண்மை.

கார் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். டெய்லரக்கா காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஷட்டரைத் தூக்கினாள். குட்டி பின்னாலேயே வந்து, அந்த ஒற்றைக் கல் படிக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"சத்தியம் பண்ணிட்டேன்க்கா. எல்லார் முன்னாடியும்."

"என்னன்னு?"

"உன் கடைப்படியை என் கால் மிதிக்காதுன்னு."

அவள் படியைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள், கடைசியில் கணவரைப் பார்த்தாள். "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் மேல ஏத்துறவர்தானே நீங்க? வாங்க. கால் படாம தூக்கிடலாம்."

லிப்ட்காரர் அக்குளுக்குக் கீழே கை கொடுத்தார். டெய்லரக்கா முழங்காலைச் சேர்த்துப் பிடித்தாள். "விடுக்கா, விழுந்துடுவேன், இடுப்பு போயிடும் உனக்கு" என்று குட்டி கத்தக் கத்த, சைக்கிள் கடைக்காரர் பம்ப்பை அப்படியே விட்டுவிட்டு வாய் பிளந்து பார்க்க, மூச்சு முட்ட அவனைப் படிக்கு மேலே தூக்கிக் கடைக்குள் இறக்கினார்கள். லிப்ட்காரர் சுவரில் சாய்ந்து, இதற்கு ஒரு பட்டனை அமுக்கினால் போதும் என்கிற வேலையை இத்தனை வருடம் பார்த்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

குட்டி கடையைச் சுற்றி வந்தான். வெட்டும் மேசையின் உயரத்தை இடுப்போடு ஒட்டிப் பார்த்தான். கத்தரிக்கோலை எடுத்து முனையைக் கட்டைவிரலில் தடவினான். தைத்து மாட்டியிருந்த ஒரு சட்டையின் காலரைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தான். அவன் வெட்டி அவள் தைத்த சட்டைகள் எத்தனையோ, அதையெல்லாம் அவன் இப்படித்தான் பார்த்திருப்பான். இது அவளே வெட்டி அவளே தைத்தது.

"வெட்டு சரியா இருக்குக்கா" என்றான். அவள் இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றாள்.

கார்க்காரர் ஹாரன் அடித்தார். லிப்ட்காரர் கையை உதறிக்கொண்டு, மறுபடி தூக்கத் தயாராக வந்து குனிந்தார்.

"வேண்டாம் மாமா" என்றான் குட்டி.

வாசலுக்கு வந்து நின்றான். அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம், அவனுக்கும் எளிதாக இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு வெறுங்காலை, ஒன்றன்பின் ஒன்றாக, அக்கா கடைப்படியில் வைத்து நின்றான்.

டெய்லரக்கா அந்தக் கால்களையே பார்த்தாள்.

"நல்லா அழுத்தி மிதிடா" என்றாள்.